ஒரே கிணறா, வேறு கிணறா? ஆள்கூறு ஒப்பீடு பிழைக்கும்போது பார்க்க வேண்டிய இடங்கள்

யாழ்ப்பாணக் குடாநாட்டில் வற்றாத ஆறு என்று ஒன்று கிடையாது. குடிப்பதும் குளிப்பதும் தோட்டத்துக்கு இறைப்பதும் சுண்ணக்கல்லுக்குள் தேங்கி நிற்கிற நிலத்தடி நீரைத்தான். அதனால் வளவுக்கு வளவு கிணறு. அந்தக் கிணறுகளைப் போனில் பதிந்து வரைபடத்தில் போடுகிற சின்னச் செயலி ஒன்றை நாங்கள் சில பேர் ஓய்வு நேரத்தில் எழுதத் தொடங்கினோம். வரைபடம் இரண்டு நாளில் முடிந்தது. "இந்தக் கிணறு ஏற்கெனவே பதிவாகிவிட்டதா?" என்ற ஒரு கேள்வி இரண்டு மாதத்தைத் தின்றது.

"அண்ணை, ரெண்டும் ஒரே நம்பர்தானே, பிறகேன் சமமில்லை எண்டு சொல்லுது?" என்று கூட வேலை செய்த தம்பி ஒருவன் கேட்டதில்தான் எல்லாம் ஆரம்பம். அவனுக்குச் சொன்னதையும், பிறகு நானே போய் மாட்டிக்கொண்டதையும் சேர்த்து அறிகுறி வாரியாக எழுதி வைக்கிறேன். உங்கள் கோளாறு எதைப்போல இருக்கிறதோ அந்தத் தலைப்புக்கு நேரே போகலாம்.

போவதற்கு முன் ஒரு சின்ன வேலை. ஒப்பிடுகிற இரண்டு புள்ளிகளையும் 17 இலக்கத்துக்கு அச்சிட்டுப் பாருங்கள்; ஒவ்வொரு எண்ணும் எந்த வகை என்பதையும் கூடவே அச்சிடுங்கள். திரையில் 9.66 என்று தெரிவது உள்ளே அப்படியே 9.66 ஆக இருக்க வேண்டும் என்றில்லை. சில வேளை அது எண்ணாகக்கூட இராது. பாதிக் கோளாறு இந்த இடத்திலேயே பிடிபடும்.

மிச்சப் பாதி எங்கிருந்து வருகிறது என்றால், இரண்டும் சமமா என்று கேட்கும் == குறியை எழுதும்போது நாம் எதைக் கேட்கிறோம் என்று யோசிப்பதில்லை. இது அதே ஒப்ஜெக்ட்தானா என்று கேட்கலாம். எண்கள் ஒன்றா என்று கேட்கலாம். நிலத்தில் இது அதே இடமா என்றும் கேட்கலாம். நமக்கு வேண்டியது பெரும்பாலும் மூன்றாவது. செய்நிரல் மொழி பதில் சொல்வது முதல் இரண்டில் ஒன்றுக்கு.

எண்கள் அச்சாக ஒன்றுதான், விடை மட்டும் எப்போதும் "இல்லை"

அ = புள்ளி(9.66, 80.02)
ஆ = புள்ளி(9.66, 80.02)
அ == ஆ

முதல் எண் அகலாங்கு, மற்றது நெட்டாங்கு. பைதனில் "புள்ளி" நீங்களே எழுதிய வெறும் கிளாஸ் என்றால் இதற்கு விடை ஃபால்ஸ். ஜாவாவிலும் அதேதான். ஜாவாஸ்கிரிப்டில் கிளாஸ்கூட வேண்டாம்; [9.66, 80.02] === [9.66, 80.02] என்று நேரே எழுதினாலே இல்லை என்று சொல்லும். ஒரே முகவரி எழுதிய இரண்டு துண்டுக் காகிதம் இரண்டு பேர் கையில் இருக்கிறது. "முகவரி ஒன்றா?" என்பது நம் கேள்வி. "இது அதே காகிதமா?" என்று மொழி விளங்கிக்கொள்கிறது.

தீர்வு மொழிக்கு மொழி வேறு. பைதனில் சாதாரண டியூப்பிள் போதும், அது உள்ளடக்கத்தைத்தான் ஒப்பிடும். பெயர் சொல்லி எடுக்க வேண்டுமென்றால் 3.7 பதிப்பில் வந்த டேட்டாகிளாஸ் நல்லது, ஒப்பீட்டைத் தானே எழுதித் தரும். ஜாவாவில் == ஐ விட்டுவிட்டு, உள்ளடக்கத்தை ஒப்பிடும் ஈக்குவல்ஸை நீங்களே எழுதுங்கள்; ஜாவா 16 அல்லது அதற்குப் பிந்தியது என்றால் ரெக்கோர்ட் ஆக்கிவிடுங்கள், வேலை மிச்சம். ஜாவாஸ்கிரிப்டில் === இன் பொருளை மாற்ற வழியே இல்லை, இரண்டு எண்ணையும் தனித்தனியே ஒப்பிடும் ஃபங்ஷன் ஒன்றை எழுதத்தான் வேண்டும். சி++ தான் இதில் நேர்மையானது: உங்கள் ஸ்ட்ரக்டுக்கு == எழுதியிராவிட்டால் கம்பைல் ஆகாது. சி++20 இலிருந்து அதை "டிஃபோல்ட்" என்று ஒரே வரியில் கேட்டு வாங்கலாம்.

சின்ன எண்ணுக்குச் சரி, பெரிய எண்ணுக்குப் பிழை

ஜாவாவில் பார்க்கிற விசித்திரம் இது. வரைபடத்தைக் கட்டம் கட்டமாகப் பிரித்து, கட்ட எண்களை இன்டிஜர் ஒப்ஜெக்ட்டாக வைத்து == போட்டிருப்பீர்கள். 100ஆம் கட்டம் பொருந்தும், 200ஆம் கட்டம் பொருந்தாது. காரணம், -128 முதல் 127 வரையான இன்டிஜர்களை ஜாவா முன்கூட்டியே செய்து வைத்து அதையே திரும்பத் திரும்பத் தருகிறது. அதற்கு வெளியே ஒவ்வொன்றும் புது ஒப்ஜெக்ட் ஆகலாம். சோதனைக்குச் சின்னத் தரவு போட்டுப் பார்க்கிறவர்கள் இதில் கட்டாயம் விழுவார்கள். ஈக்குவல்ஸ் போடுங்கள், அல்லது வெறும் இன்ட் ஆக வைத்திருங்கள்.

சமம் என்கிறது, ஆனாலும் செட்டுக்குள் இரண்டு தடவை இருக்கிறது

ஈக்குவல்ஸை எழுதிவிட்டு ஹாஷ்கோடை மறந்திருப்பீர்கள். ஹாஷ் செட் (எதையும் ஒரு தடவை மட்டுமே வைத்திருக்கும் தொகுப்பு) முதலில் ஹாஷ் எண்ணைப் பார்த்துத்தான் எந்தப் பெட்டியில் தேடுவது என்று முடிவெடுக்கும். பெட்டியே வேறு என்றால் ஈக்குவல்ஸைக் கூப்பிடவே கூப்பிடாது. பைதன் இதில் கண்டிப்பு: ஒப்பீட்டை மட்டும் எழுதினால் ஹாஷைப் பறித்துவிடும், செட்டில் போடப் போனால் வழுச் செய்தி வரும். டேட்டாகிளாஸை "ஃபுரோசன்", அதாவது பிறகு மாற்ற முடியாதது, என்று அறிவித்தால் சரியாகும்.

ஃபுரோசன் ஆக்குவதில் இன்னொரு நன்மையும் உண்டு. செட்டில் போட்ட பிறகு புள்ளியின் நெட்டாங்கைத் திருத்தினால் அந்தப் புள்ளி செட்டுக்குள்ளேயே காணாமல் போகும். ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தால் இருக்கும், "இருக்கிறதா?" என்று கேட்டால் இல்லை என்று வரும். இப்படி ஒன்றைத் தேடி ஒரு சனிக்கிழமை முழுவதையும் செலவழித்திருக்கிறேன். புள்ளியை ஒருபோதும் மாற்றாதீர்கள், புதுப் புள்ளி செய்யுங்கள்.

கையால் தட்டியது பொருந்தும், படிவத்திலிருந்து வந்தது பொருந்தாது

வகையைப் பாருங்கள். படிவத்திலிருந்து வருவது எழுத்துச்சரம். "9.660" உம் "9.66" உம் எழுத்தாக வேறு, எண்ணாக ஒன்று. தசம வகைப் பத்தியை எழுத்தாகவே திருப்பித் தருகிற தரவுத்தள இணைப்பிகளும் உண்டு. உள்ளே வருகிற வாசலிலேயே எண்ணாக மாற்றிவிடுங்கள், நடுவில் வேண்டாம். மாற்ற முடியாமல் போனால் ஜாவாஸ்கிரிப்ட் "எண் அல்ல" என்பதற்கான "நான்" (NaN) என்ற மதிப்பைத் தரும். அது தனக்கே சமமில்லாதது. "நான் நானுக்குச் சமமில்லை" என்று தம்பிக்கு விளங்கப்படுத்தியபோது அவன் என்னைத் தத்துவம் பேசுகிறேன் என்று நினைத்தான்.

நேரடியாகப் பதிந்த புள்ளிகள் சரி, கணக்குப் போட்டு வந்தவை மட்டும் பிழை

வளவின் நான்கு மூலைகளைக் கூட்டி நாலால் பிரித்து நடுப்புள்ளி எடுத்தீர்கள். அல்லது மீட்டராக மாற்றித் திரும்பப் பாகையாக்கினீர்கள். விடை கண்ணுக்கு அதே எண்தான், == மட்டும் மறுக்கிறது. பழைய கதை: 0.1 + 0.2 என்பது 0.30000000000000004. 1985இல் வந்த ஐஇஇஇ 754 தரத்தின்படி டபுள் எண்ணுக்கு 53 இரும இலக்கம். 0.5, 0.25 போன்றவை அதில் அப்பழுக்கின்றி அடங்கும், 9.66 அடங்காது, மிக அருகில் உள்ள இன்னொரு எண்தான் பதிவாகும். கணக்குப் போகப் போகக் கடைசி இலக்கங்கள் ஆடும்.

இங்கே எல்லோரும் செய்கிற முதல் திருத்தம் எப்சிலன் என்ற மிகச் சின்ன எண். கழித்துப் பார்த்து, வித்தியாசம் எப்சிலனைவிடச் சிறிது என்றால் சமம். மொழியோடு வருகிற அந்த எப்சிலன் மாறிலி 2.2 × 10⁻¹⁶ அளவு. அது 1 என்ற எண்ணுக்குப் பக்கத்தில் உள்ள இடைவெளி. யாழ்ப்பாணத்தின் நெட்டாங்கு 80 பக்கம். அங்கே அடுத்தடுத்த இரண்டு டபுள்களுக்கு இடையிலேயே 1.4 × 10⁻¹⁴ இருக்கிறது. ஆகவே எப்சிலன் போட்ட ஒப்பீடு எழுதுவதற்கு நீளமான இன்னொரு ==, அவ்வளவுதான். "சகிப்பு எல்லை (இவ்வளவு வித்தியாசம் பரவாயில்லை என்ற அளவு) போட்டும் வேலை செய்யவில்லை" என்று யாராவது சொன்னால் நான் முதலில் பார்ப்பது இதை.

கிழக்கு மேற்காகப் போகும் ஒழுங்கையில் மட்டும் கிணறுகள் ஒன்றாகிவிடுகின்றன

இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதில் பிழை விட்டது நான்.

எப்சிலன் சரிவராது என்று தெரிந்ததும் பைதனின் நம்பை நூலகத்தில் உள்ள ஆல்குளோஸைப் போட்டேன். எல்லாம் அழகாகப் பொருந்தியது. ஒரு வாரம் கழித்து வரைபடத்தைப் பார்த்தால், வடக்கு தெற்காகப் போகும் ஒழுங்கைகளில் கிணறுகள் வரிசையாக நிற்கின்றன; கிழக்கு மேற்காகப் போகும் ஒழுங்கை ஒன்றில் ஏழு வீட்டுக்கும் ஒரே கிணறு. முதலில் பதிவு செய்தவர்கள் மேல் சந்தேகப்பட்டேன். அந்தப் பாவம் இன்னும் இருக்கிறது.

ஆல்குளோஸ் வெளியில் சொல்லாமல் இரண்டு எண்களை வைத்திருக்கிறது: சார்புச் சகிப்பு 10⁻⁵, தனிச் சகிப்பு 10⁻⁸. சார்பு என்றால் எண்ணின் பருமனோடு பெருக்கப்படும். 80.02 ஐ 10⁻⁵ ஆல் பெருக்கினால் 0.0008 பாகை. நமது அகலாங்கில் ஒரு பாகை நெட்டாங்கு ஏறத்தாழ 109.7 கிலோமீட்டர், ஆக 88 மீட்டர்! அகலாங்கில் 9.66 ஐப் பெருக்கினால் 0.0000966 பாகை, கிட்டத்தட்ட 10.7 மீட்டர். கிழக்கு மேற்காக 88 மீட்டர், வடக்கு தெற்காக 11 மீட்டர் என்று ஒரு நீளப் பெட்டிக்குள் விழுந்த கிணறெல்லாம் "ஒரே புள்ளி". வேலி, மதில், மருமகனோடு கோபம் எதையும் அது பார்க்காது.

பைதனோடு வரும் இஸ்குளோஸ் இதைவிட இறுக்கம், சார்புச் சகிப்பு 10⁻⁹. அதிலும் அதே கோணல்தான், நெட்டாங்கில் 9 மில்லிமீட்டர், அகலாங்கில் 1 மில்லிமீட்டர். இடத்துக்குச் சார்புச் சகிப்பு பொருந்தவே பொருந்தாது என்பது என் முடிவு. யாழ்ப்பாணம் பூச்சிய நெட்டாங்கிலிருந்து 80 பாகை தள்ளி இருப்பதற்கும், என் வீட்டுக் கிணறு பக்கத்து வீட்டுக் கிணற்றிலிருந்து எவ்வளவு தூரம் என்பதற்கும் என்ன தொடர்பு?

மீட்டரில் ஒப்பிடுங்கள். குடாநாட்டுக்குள் இது போதும்:

வடக்கு = (அ.அகலாங்கு - ஆ.அகலாங்கு) × 110600
கிழக்கு = (அ.நெட்டாங்கு - ஆ.நெட்டாங்கு) × 109700
தூரம் = √(வடக்கு² + கிழக்கு²)

சரி, எத்தனை மீட்டர்?

இதைச் செய்நிரலாளர் தனியே முடிவு செய்யக் கூடாது. நல்ல போன் திறந்த வானத்தின் கீழே ஏறத்தாழ 5 மீட்டர் வட்டத்துக்குள் இடத்தைச் சொல்லும். மாமரத்துக்குக் கீழே, தகரக் கூரைக்குப் பக்கத்தில் அதுவும் இல்லை. ஒரே கிணற்றை இரண்டு பேர் பதிந்தால் இரண்டு புள்ளிக்கும் இடையில் 10 மீட்டர் வரலாம். ஆனால் வேலிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக 12 மீட்டர் இடைவெளியில் இரண்டு கிணறு இருப்பது எங்கள் ஊரில் அதிசயமே இல்லை. எந்த எண்ணைத் தேர்ந்தாலும் ஒரு பக்கம் பிழைக்கும்.

நாங்கள் கடைசியில் செய்தது இது. 3 மீட்டருக்குள் என்றால் "இது அதே கிணறாக இருக்கலாம்" என்று போனில் பழைய படத்தைக் காட்டும். 3 முதல் 15 வரை என்றால் விட்டம், கட்டுக் கிணறா, மூடி உண்டா என்பவற்றையும் பக்கத்தில் வைத்து ஆளிடம் கேட்கும். அதற்கு மேல் வேறு கிணறு. தானாக ஒன்றாக்குவது எங்கேயும் இல்லை.

ஒரே தரவு, வேறு வரிசையில் ஏற்றினால் கிணற்றுத் தொகை மாறுகிறது

சகிப்பு எல்லையை ஈக்குவல்ஸுக்குள்ளேயே எழுதிவிட்டீர்கள். எல்லை 8 மீட்டர் என்று வைப்போம். க, ங, ச என்று மூன்று புள்ளிகள் நேர்கோட்டில் 6 மீட்டருக்கு ஒன்று. க உம் ங உம் சமம், ங உம் ச உம் சமம். க உம் ச உம் 12 மீட்டர், சமமில்லை. ங முதலில் வந்தால் ஒரு கிணறு, க முதலில் வந்தால் இரண்டு. சமம் என்ற சொல்லுக்கு உரிய கடத்தும் தன்மை இதில் இல்லை, ஆகவே இதற்குப் பொருந்துகிற ஹாஷ் எண்ணையும் எழுத முடியாது. ஈக்குவல்ஸ் எண்களை அப்படியே ஒப்பிடட்டும். "அருகில் உள்ளதா" என்பதை வேறு பெயரில் வேறு ஃபங்ஷனாக வையுங்கள்.

"தசம தானத்தைக் குறைத்து ஹாஷ் எடுத்தால்?" என்று உடனே கேட்பார்கள். நான்கு தானத்துக்கு மட்டந்தட்டிப் பாருங்கள். 9.66004 என்பது 9.6600 ஆகும், 9.66006 என்பது 9.6601 ஆகும்: 2.2 மீட்டர் இடைவெளி, வேறு வேறு. 9.66006 உம் 9.66014 உம் இரண்டுமே 9.6601: 8.8 மீட்டர் இடைவெளி, ஒன்று. மட்டந்தட்டுவது தேடலை வேகமாக்க நல்லது, தீர்ப்புச் சொல்ல அல்ல. 0.0001 பாகைக் கட்டங்களாக, அதாவது ஏறத்தாழ 11 மீட்டர்ச் சதுரங்களாகப் பிரித்து, புள்ளி விழுந்த கட்டத்தோடு சுற்றியுள்ள எட்டையும் சேர்த்து ஒன்பது கட்டத்தில் உள்ளவற்றுக்கு மட்டும் தூரம் கணியுங்கள். எல்லை கட்டத்தின் அகலத்தைவிடச் சிறிதாக இருக்கும்வரை எதுவும் தப்பாது.

தரவுத்தளத்தில் போட்டு எடுத்தால் நகர்ந்திருக்கிறது. பெரிதாக்கினால் புள்ளிகள் நிரலாக நிற்கின்றன

பத்தி ஒற்றைத் துல்லிய ஃப்ளோட். அதில் 24 இரும இலக்கம்தான். 80 பாகைக்குப் பக்கத்தில் அடுத்தடுத்த இரண்டு எண்களுக்கு இடையில் 84 சென்டிமீட்டர், 9.66 க்குப் பக்கத்தில் 10.5 சென்டிமீட்டர். அதனால்தான் புள்ளிகள் வடக்கு தெற்காகக் கோடு பிடித்து நிற்பது போலத் தெரிகிறது. மைஎஸ்கியூஎல் தரவுத்தளத்தில் ஃப்ளோட் பத்தியை = போட்டுத் தேடினால் கண்ணுக்கு முன்னால் இருக்கிற வரிசைகூட அகப்படாது. டபுள் ஆக்குங்கள், அல்லது ஆறு தசம தானத்துடன் டெசிமல். ஏற்கெனவே ஃப்ளோட்டில் போன தரவு திரும்பி வராது, மூலக் கோப்பிலிருந்து மறுபடி ஏற்றத்தான் வேண்டும்.

ஒரே புள்ளிக்கும் ஒரே புள்ளிக்கும் தூரம் கேட்டால் வழு

கோசைன் சூத்திரத்தால் தூரம் எடுக்கிறீர்கள். ஒரே புள்ளி என்றால் ஆர்க்கோஸுக்குள் (கோசைனிலிருந்து கோணத்தைத் திருப்பி எடுப்பது) போக வேண்டியது சரியாக 1. மட்டந்தட்டலில் அது 1.0000000000000002 ஆகிவிட்டால் ஜாவாஸ்கிரிப்ட் அந்த "நான்" (NaN) மதிப்பைத் தரும், பைதன் வழுச் சொல்லி நின்றுவிடும். நிற்காவிட்டாலும் 1 க்கு மிக அருகில் அந்தச் சூத்திரம் ஏறத்தாழ 10 சென்டிமீட்டரைவிடச் சிறிய தூரத்தைக் காணாது. ஹாவர்சைன் என்ற இன்னொரு தூரச் சூத்திரத்துக்கு மாறுங்கள், அல்லது மேலே கொடுத்த மீட்டர்க் கணக்கே இந்தத் தூரங்களுக்குத் தாராளம்.

எதுவுமே பொருந்தவில்லை, வரைபடத்தில் பனிக்கடல்

அகலாங்கும் நெட்டாங்கும் இடம் மாறிவிட்டன. 80.02 வடக்கு, 9.66 கிழக்கு என்பது ஸ்வால்பார்ட் தீவுகளுக்கு வடமேற்கே ஆர்க்டிக் கடல். வரைபடத் தரவை எழுதி வைக்கும் ஜியோஜேசன் கோப்பு வடிவத்தில் நெட்டாங்குதான் முதலில் வரும். கூகிள் மேப்ஸில் அகலாங்கு முதலில். எங்களுக்கு ஒரு வசதி: இந்தக் குடாநாட்டில் அகலாங்கு 9 இலும் நெட்டாங்கு 79 அல்லது 80 இலும்தான் தொடங்கும், வாசலிலேயே பிடித்துவிடலாம்.

எல்லாப் புள்ளியும் ஒரே திசையில் சில நூறு மீட்டர் விலகி நின்றால் அது வேறு நோய். ஒரு தொகுதி போனின் ஜிபிஎஸ் பயன்படுத்தும் டபிள்யூஜிஎஸ் 84 ஆள்கூற்று முறை, மற்றது பழைய கந்தவல (Kandawala) டேட்டத்தை, அதாவது ஆள்கூறுகளை அளக்கத் தொடங்கும் ஆதாரத்தை, அடிப்படையாகக் கொண்ட இலங்கை நில அளவைக் கட்டம். சகிப்பைக் கூட்டி இதை மறைக்கப் பார்க்காதீர்கள், முறையாக மாற்றிவிட்டு ஒப்பிடுங்கள்.

வளவு எல்லை மூடவில்லை என்கிறது

இங்கே மட்டும் == தான் சரி. ஜியோஜேசன் பலகோணத்தில் முதல் புள்ளியும் கடைசிப் புள்ளியும் இலக்கத்துக்கு இலக்கம் ஒன்றாக இருக்க வேண்டும். சுற்றி நடந்து வந்து முதல் மூலையை இரண்டாம் தடவை அளக்காதீர்கள். முதல் புள்ளியைப் பிரதி எடுத்துக் கடைசியில் வையுங்கள்.

எல்லாம் சரியாகப் பொருந்துகிறது, ஆனால் ஆட்கள் முறைப்பாடு சொல்கிறார்கள்

பங்குக் கிணறு. ஒரு கிணற்றில் நான்கு குடும்பத்துக்குப் பங்கு; ஒவ்வொருவரின் காணி உறுதியிலும் கிணற்றுப் பங்கும் வழி வாய்க்காலும் தனியே எழுதப்பட்டிருக்கும். நான்கு பதிவு, நான்குக்கும் ஆள்கூறு ஒன்றே, தூரம் பூச்சியம். எங்களிடம் முன்பு இருந்த நகல் நீக்கும் செய்நிரல் தன் வேலையைச் சரியாகச் செய்து மூன்றை அழித்துவிட்டது. ஒப்பீட்டில் ஒரு பிழையும் இல்லை. புள்ளியைப் பதிவின் அடையாளமாக எடுத்ததுதான் பிழை. இப்போது கிணற்றுக்கு ஓர் அட்டவணை, பங்குக்கு இன்னோர் அட்டவணை, ஒவ்வொன்றுக்கும் தனி இலக்கம். ஆள்கூறு கிணற்றின் ஒரு விவரம் மட்டும்.

அழிந்த மூன்றையும் காப்புப் பிரதியிலிருந்து மீட்டோம். அதில் ஒன்று தம்பியின் அம்மம்மாவின் பங்கு. அவன் அதை அவரிடம் இன்னும் சொல்லவில்லை.